பழுப்பு பிறக்கும் தட்டு

என்னிடம் ஓவியம் கற்க வரும் பிள்ளைகளின் போஸ்டர் கலர் பெட்டியிலிருந்து கறுப்பையும் பழுப்பையும் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவேன். பெற்றோர் சிலருக்கு வருத்தம்தான், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. ஆனாலும் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை போதும். பழுப்பும் சாம்பலும் பிள்ளைகளின் கையால்தான் பிறக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரி.

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஆரஞ்சில் ஒரு துளி நீலம் வைக்கச் சொல்வேன். "மிஸ், சேறாயிடுச்சு!" என்று முகம் வாடும். இன்னும் கொஞ்சம் நீலம் வை, இப்போது வெள்ளை சேர் என்பேன். நனைந்த செங்கல், காய்ந்த தென்னை மட்டை, எருமைத் தோல், மழைக்கு முந்தின வானம் என்று ஒவ்வொன்றாகத் தட்டில் தெரிய ஆரம்பிக்கும். வண்ணச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு எதிரே நீலம், சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா. எதிரெதிர் நிறங்கள் கலந்தால், ஒன்று திருப்பி அனுப்பும் ஒளியை மற்றது விழுங்கிவிடும், நிறம் அடங்கும். அடக்குவதற்குக் கறுப்பை விட்டால் போதாதா என்று கேட்கும் பிள்ளைக்கு மட்டும் அலமாரியைத் திறப்பேன். மஞ்சளில் கறுப்பை விட்டதும் அது பாசிப் பச்சையாகத் திரும்பும். அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை.

அடங்கிய நிறம் தனியாக நிற்பதும் இல்லை. பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் செவ்ரேல் என்ற வேதியியலர். கறுப்பு நூல் மங்கித் தெரிவதாக அவரிடம் புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்களே கண்ணை மாற்றுகின்றன என்று கண்டார். 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். ஒரே சாம்பல் தாளைத் துண்டாக்கிச் சிவப்பின்மேல் ஒன்று, நீலத்தின்மேல் ஒன்று வைத்தால் போதும். சிவப்பின்மேல் இருப்பது லேசாகப் பச்சை காட்டும்.

இவ்வளவையும் நான் சொல்லிக்கொடுப்பது ஒரு காரியத்துக்காக. என் கிரேயான் பெட்டியில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருந்தது. அதை 'ஸ்கின் கலர்' என்றுதான் எல்லாரும் சொல்வோம். அமெரிக்காவில் கிரயோலா என்ற கிரேயான் நிறுவனம் 1962லேயே 'ஃபிளெஷ்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'பீச்' என்று வைத்துவிட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாயில் பழைய பேச்சு இன்னும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் என்னையும் அம்மாவையும் அந்தக் குச்சியால் தீட்டினேன். நாங்கள் இருவருமே நல்ல கறுப்பு. வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்து, "இதுலயாவது செவப்பா இருக்கியேடி" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நான் இன்னும் சுமக்கிறேன், மறைப்பானேன்.

அதனால் தன் முகத்தைத் தீட்டும் வகுப்புக்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளையும் தன் தோலின் நிறத்தைத் தானே கலந்தாக வேண்டும். எல்லாருக்கும் தொடக்கம் அதே ஆரஞ்சுதான், நீலத்தின் அளவுதான் மாறும். உள்ளங்கைக்கு வெள்ளை கூடும், முழங்கைக்கு நீலம் கூடும், வெயிலில் ஆடுபவனின் கழுத்துக்குச் சிவப்பு கூடும். தாள் பட்டையில் தீட்டிக் கையோடு வைத்துப் பார்ப்பார்கள். போஸ்டர் கலர் காய்ந்தால் நிறம் சற்று மாறும், அதனால் காயும்வரை காத்திருந்து, ஒத்துவராவிட்டால் மறுபடி கலப்பார்கள். அந்த வகுப்புக்கு மட்டும் நான் நேரம் பார்ப்பதில்லை.