பழைய டிராலி வாங்கப் போன இடத்தில்



கணியூரில் என் சகோதரியின் மகன் ஒரு சூப்பர் மார்க்கெட் தொடங்குகிறான். அதற்குப் பத்து டிராலிகள் வேண்டும். புதியவை என்றால் மாதத் தவணை; தவணையோடு வட்டி. கையிலிருந்த பணத்திற்குக் கட்டுப்படியானது, கோவையில் பழையவற்றைச் சீர்செய்து விற்கும் கடைதான்.

"புதுக் கடையில் பழைய டிராலியை நிறுத்தினால் யார் மதிப்பார்கள், மாமு?" என்று தயங்கினான். திருப்பூரில் பழைய தையல் இயந்திரங்களை வாங்கித் தொழில் தொடங்கியோர் எத்தனை பேர் என்று நினைவூட்டினேன். வட்டியோடு வரும் புதியதைவிட வட்டியில்லாத பழையது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. டிராலியே கூச்சத்தோடு பிறந்த பொருள்தான். 1937-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர், மடக்கு நாற்காலியைப் பார்த்து அதை உருவாக்கினார். வாடிக்கையாளர்கள் தொடத் தயங்கவே, ஆள் வைத்துத் தள்ளிக் காட்ட வேண்டியிருந்ததாம்.

கோவைக்குப் போகும்போது 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் எடுத்துச் சென்றோம். காலி டிராலி எதுவும் நன்றாகத்தான் ஓடும். பாரம் ஏற்றினால்தான் அதன் குணம் தெரியும். சமதளத்தில் நான்கு சக்கரமும் தரையில் படுகின்றனவா என்று பார்த்தோம். ஒன்று இடப்பக்கம் இழுத்தது. அச்சில் நூல் சுற்றியிருந்தது. அது குறையே அன்று, சக்கரத்தை மாற்றிவிடலாம். சட்டம் வளைந்திருந்தாலும், கூடை சேரும் இடத்தில் வெல்டிங் விட்டிருந்தாலும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். ஒன்றுக்குள் ஒன்று நுழையாதவையும் வேண்டாம். சிறிய கடையில் இடத்தை அடைத்துவிடும்.

ஏழாவது டிராலியில் குழந்தையை அமர்த்தும் இருக்கையின் கீழ் வெல்டிங் விட்டிருந்தது. அதன்மேல் புதுப் பெயின்ட் பூசியிருந்தார்கள்.

"நீங்கள் கேட்கவில்லையே, பாய்" என்றார் கடைக்காரர்.

எனக்குக் கோபம் வந்தது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தியைச் சொன்னேன். முஸ்லிம் நூலில் பதிவான அந்த ஹதீஸை ஆண்டுதோறும் மதரஸாவில் நடத்துகிறேன். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு என்ற சட்டத்தையும் சேர்த்தே நடத்துவேன். அவர் பதில் பேசாமல் அந்த டிராலியை ஒதுக்கி வைத்தார்.

எட்டு டிராலிகள் தேறின. மீதி இரண்டைக் கடை ஓடத் தொடங்கியபின் புதிதாக, ரொக்கத்திற்கே வாங்குவதென்று மருமகன் முடிவு செய்தான்.

திரும்பும் வழியில் உடுமலை தாண்டும்போது என் பழைய மொபெட் நினைவுக்கு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவனின் அத்தாவிடம் அதை விற்றேன். சிறிது தூரம் ஓடினாலே இன்ஜின் சூடாகி நின்றுவிடும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உஸ்தாதின் வண்டி என்ற நம்பிக்கையில் விலைகூடப் பேசாமல் வாங்கிப் போனார்.

மருமகனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், "அவர் வீடு காரத்தொழுவில்தானே, மாமு?" என்றான்.

இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதபின் இருவரும் போகிறோம். வண்டியைத் திருப்பித் தருவதா, பழுதுக்கு ஆன செலவை வாங்கிக்கொள்வதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.