நாலு பூட்டுக்கு ஒரு சாவி

எங்கள் அம்பாசடர் மார்க் 4-க்குச் சாவி நான்கு. எஞ்சினுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று. அப்பாரு (தாத்தா) பிற்பாடு வெளியே வாங்கி மாட்டிய பெட்ரோல் டேங்க் மூடிக்கு இன்னொன்று. வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியைச் சோமனூரிலேயே சரிசெய்துகொண்டிருந்தபோது, இத்தனையும் ஒரே சாவியில் திறக்க வழியுண்டா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "தொறக்குமுங்க. உள்ளார தகடு மாத்தோணும். அதுக்குக் கோயமுத்தூருதான் போகோணும்" என்றார். போய் மாற்றிக்கொண்டு வந்திருந்தால் அன்றோடு வேலை முடிந்திருக்கும். ஆனால் வண்டியைச் செய்தவர்களுக்கு இது தோன்றாமலா போயிருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

முதல் பதில் வீட்டிலேயே கிடைத்தது. சோமனூர் விசைத்தறி ஊர். வியாபாரிகள் தறிக்காரர்களிடம் பாவு நூலும் ஊடு நூலும் கொடுத்து, காடாத் துணியாக நெய்து வாங்கிக்கொண்டு, கூலி கொடுப்பார்கள். அப்பாருவும் அப்படி நெய்து வாங்கியவர். எஞ்சின் சாவியும் கதவுச் சாவியும் டிரைவரிடம் இருக்கும். டிக்கிச் சாவி மட்டும் அப்பாருவின் பச்சை பெல்ட்டுக்குள். வாரக்கடைசியில் கூலிப்பணம் டிக்கியில் வரும் என்பதால் டிரைவர்மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமாவிடம் சொன்னபோது சிரித்தார். "நம்பாம இல்ல மாப்ளே. நூறு ரூவா கொறஞ்சாலும் ஊரு மொதல்ல டிரைவரத்தான் பாக்கும். சாவி அவங்கிட்ட இல்லீன்னா அந்தப் பேச்சே வராது பாரு."

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதையே ஏற்பாடாகச் செய்து வைத்திருந்தது. அதன் கார்களில் நெடுங்காலம் எஞ்சினுக்கு ஒரு சாவி, டிக்கிக்கும் டேஷ்போர்டுப் பெட்டிக்கும் வேறொரு சாவி. இருட்டில் தடவினாலும் தெரியும்படி இரண்டின் தலையும் வேறு வேறு வடிவில் இருக்கும். ஓட்டலில் வண்டியை நிறுத்தித் தரும் பையனிடம் எஞ்சின் சாவியை மட்டும் கொடுத்தால் போதும். டிக்கிக்கு இது சரி. எஞ்சினுக்கும் கதவுக்கும் எதற்கு இரண்டு? வண்டியை ஓட்டுபவரும் கதவைத் திறப்பவரும் ஒரே ஆள்தானே.

அதற்கான விடை கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் சாவி வெட்டுபவரின் மேசையில் கிடந்தது. எங்கள் பூட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, "இது நாலும் ஒரே எடத்துல பொறந்ததில்லைங்க" என்றார். அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை அந்த உடம்பு பெரிதாக மாறாமல் வந்துகொண்டிருந்தது. அன்றைய பிரிட்டிஷ் கார்களில் இக்னிஷன் சுவிட்ச் பெரும்பாலும் மின்சாமான் செய்யும் லூகாஸிடமிருந்து வரும். கைப்பிடியும் பூட்டும் பர்மிங்ஹாமின் வில்மட் பிரீடன் போன்றவர்களிடமிருந்து வரும். கார் கம்பெனி எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டியது. எண்களைப் பொருத்திப் பார்த்துக் கேட்டால்தான் ஒரே சாவி, கேட்காவிட்டால் வந்தது வந்தபடி. அதற்குமேல் எங்கள் வண்டியில் முப்பது நாற்பது வருஷத்துக் கைவேலையும் சேர்ந்திருந்தது. உடைந்த கைப்பிடிக்குப் பதில் கடையில் கிடைத்த கைப்பிடி. அதோடு வந்த பூட்டு, அதன் சாவி.

வில்மட் பிரீடன் சாவிகளில் எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பார்கள். எஃப்.எஸ். என்ற வரிசை 876-இல் தொடங்கி 955-இல் முடியும். ஆக மொத்தம் 80 சாவிகள்! அந்த வரிசைப் பூட்டு மாட்டிய அத்தனை கார்களுக்கும் இந்த எண்பதுதான் சுற்றிச்சுற்றி வந்தது. ஃபோர்டின் டி மாடல் இன்னும் மோசம். 1919-க்குப் பிறகு அதில் வந்த சாவிகளின் எண் 51 முதல் 74 வரை, வெறும் 24. தெருவில் நிற்கும் இன்னொருவர் ஃபோர்டை உங்கள் சாவியிலேயே ஓட்டிப்போகும் வாய்ப்பு பிரமாதமாக இருந்திருக்கிறது. பழைய காரின் பூட்டைப் பெரிய காவலாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

சாவிக்காரர் கதவுப் பூட்டின் உருளையை வெளியே எடுத்துக் காட்டினார். உள்ளே ஐந்து பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சாவி நுழைய ஒரு ஜன்னல், பக்கத்தில் மயிரிழை ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டு உருளையைச் சுழலவிடாமல் பிடிக்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். தகட்டுக்குத் தகடு அந்த ஜன்னல் இருக்கும் உயரம்தான் வேறு. ஐந்து இடம், நாலு உயரம் என்றால் காகிதத்தில் 1,024 விதம் வரும். இந்தத் தகட்டுப் பூட்டுக்கு 1868-இல் அமெரிக்காவில் ஃபிலோ ஃபெல்ட்டர் காப்புரிமை வாங்கினார். அச்சில் வார்த்து மலிவாகச் செய்ய முடிந்ததால் கார்க்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பூட்டை மாற்றாமல் சாவியை மாற்றும் யோசனை அதைவிடப் பழையது. நியூஜெர்சியின் பெர்த் அம்பாய் நகரத்து சாலமன் ஆண்ட்ரூஸ் 1836-இல், உரிமையாளரே வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய பூட்டு ஒன்றைச் செய்தார். அவர் மருத்துவர், மேயர். பின்னாளில் 1863-இல் ஏரியான் என்ற ஆகாயக் கப்பலையும் பறக்கவிட்டவர். நம் ஜி.டி. நாயுடுவைப்போல ஒரு கையில் ஒரு வேலையோடு நிற்காத மனிதர் என்று தோன்றுகிறது. அதே வழியில் நியூவெல் என்ற அமெரிக்கர் செய்த பூட்டில் சாவியின் பற்களைக் கழற்றி வரிசை மாற்றலாம். மாற்றிய சாவியைப் போட்டுப் பூட்டினால் பூட்டும் தானாக அதற்கேற்ப மாறிக்கொள்ளும். 1851-இல் லண்டன் பெரும் கண்காட்சிக்கு அந்தப் பூட்டைக் கொண்டுபோன ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர், போன இடத்தில் ஆங்கிலேயர்களின் பெருமையான சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். இன்னொரு ஆங்கிலப் பூட்டான பிரமாவுக்கு 16 நாளில் 51 மணி நேரம் பிடித்தது. அதையும் திறந்துவிட்டார்.

டவுன்ஹால் மேசையில் நடந்த வேலை அவ்வளவு ஆர்ப்பாட்டமில்லாதது. கழற்றுவதற்குக் கடினமானது எஞ்சின் பூட்டு என்பதால் அதன் சாவியையே தலைச்சாவியாக வைத்துக்கொண்டார். மற்ற பூட்டுகளின் தகடுகளை உருவி, அந்தச் சாவியின் வெட்டுக்கேற்ற உயரத்தில் இருந்தவற்றை வரிசை மாற்றிப் போட்டார். குறைந்ததைப் பழைய பூட்டுகள் கிடந்த டப்பாவிலிருந்து பொறுக்கினார். சில கடைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை அரத்தால் ராவிச் சமப்படுத்திக் கொடுத்துவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ராவிய பூட்டு வேறு சாவிக்கும் இளகிக்கொடுக்கும். "அதுக்குப் பூட்டே வேண்டாமுங்க" என்பது அவர் கட்சி; என் கட்சியும் அதுதான். பெட்ரோல் மூடிக்கு மட்டும் தகடு மாற்றி வழி பிறக்கவில்லை. அதன் துவாரத்தின் வடிவமே வேறு. சாவி உள்ளேயே நுழையாது. அதே டப்பாவில் கிடைத்த பழைய உருளை ஒன்றை அந்த மூடியில் பொருத்திச் சமாளித்தார்.

கடைசியில், "டிக்கியும் சேத்தியுங்களா?" என்று கேட்டார். அப்பாருவின் பெல்ட்டை நினைத்து ஒரு கணம் தயங்கினேன். இப்போது டிரைவரும் இல்லை, கூலியும் வங்கிக் கணக்கில் போகிறது. சேர்த்துவிடச் சொன்னேன்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஒரு வண்டி நின்றால் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். தகடு மாற்றச் சொல்லுங்கள், ராவ விடாதீர்கள். தேய்ந்த சாவியை அப்படியே நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து வரும். பூட்டின் தகடுகளை அளந்து புதிதாக வெட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய தகடுகளைப் பொட்டலமாகக் கேட்டு வாங்கி வையுங்கள், அவை இனிக் கடையில் சுலபமாகக் கிடைக்காது. சாவி எண்ணையும் வெட்டின் ஆழங்களையும் ஆர்.சி. புத்தகத்தோடு எழுதி வைத்தால், நாளைக்குச் சாவி தொலைந்தாலும் கதவை உடைக்காமல் வேறு சாவி வெட்டிக்கொள்ளலாம்.