எந்தத் திணைக்கு உரியது?

ஆசிரியர் கற்பிக்க மாணாக்கர் கற்பர் என்பது பொதுவழக்கு. என்னளவில் அவ்வழக்கு ஒருநாள் தலைகீழாயிற்று.

2016ஆம் ஆண்டில் தரம் 8 மாணாக்கரைத் திருக்கோணேச்சரத்துக்கு அழைத்துச் சென்றேன். வழியில் பிரெட்ரிக் கோட்டை மரநிழலில் அமர்ந்து, தொல்காப்பியர் கூறும் கருப்பொருள்களை விளக்கினேன். ஒரு நிலத்தின் மரமும் பறவையும் விலங்கும் மாந்தர் தொழிலும் ஒன்றையொன்று சார்ந்தன. இதனையே இக்காலத்தார் சூழற்றொகுதி என்பர் என்றேன். மான் முல்லைக்கு உரியதாயினும் இந்நெய்தற் கரையிலும் வாழ்கின்றது என்றும் காட்டினேன்.

பின்னர் உணவருந்தி, சோறு பொதிந்த பொலித்தீன் தாளை மரத்தடியில் இட்டேன். புள்ளிமான் ஒன்று உப்புச்சுவை நாடி அதனை மெல்லத் தொடங்கிற்று. மாணவனொருவன் ஓடிச்சென்று பறித்துவந்து, "சேர், இந்தத் தாள் எந்தத் திணைக்கு உரியது?" என வினவினான். நாணித் தலைகுனிந்தேன்.

பொலித்தீன் சமிப்பதில்லை. அது இரைப்பையில் திரண்டு அடைத்துக்கொள்ள, மான் வயிறு நிறைந்தும் பட்டினியால் மாளும். 2017 செப்தெம்பரில் அத்தாள்களின் உற்பத்தியும் விற்பனையும் நாட்டில் தடைசெய்யப்பட்டன. என் வகுப்பிலோ அதற்கு முன்னரே தடை வந்துவிட்டது. அன்றுமுதல் எமக்கு வாழையிலைப் பொதியே.

பழைய மாணவ அன்பர்களே, கோணேசர் தரிசனத்துக்கு வருங்கால் நுங்கள் கைப்பொதியையும் ஒருமுறை நோக்குங்கள். அம்மாணவனின் வினா நம் அனைவருக்கும் உரியது.