மூத்தம்மாவின் கவியும் சீனாவின் மலைப் பாட்டும்



தமிழ் மொழித் தினப் போட்டிக்கு ஒரு மாணவியைப் பழக்கினோம். அவளது மூத்தம்மா வயலில் பாடிய கவி. முதல் நாள் அவள் பாடியபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு ஆசிரியர்கள் எல்லோரும் கூடித் திருத்தத் தொடங்கினோம். "அவ்வளவு இழுக்க வேணாம் மகள்." "அந்தச் சொல்லைச் சுத்தமாச் சொல்லுங்க." "சுருதியில நில்லுங்க." இரண்டு கிழமையில் பாட்டு சுத்தமாகிவிட்டது. ஆனால் அதில் மூத்தம்மா இல்லை.

அந்த நாட்களில்தான் சீனப் பல்கலைக்கழகங்களில் நாட்டுப்புறப் பாடல் கற்பிப்பது பற்றி வாசித்தோம். எங்களைப் பற்றியே எழுதியது போல இருந்தது.

ஐரோப்பியக் குரற்பயிற்சியையும் சீன நாட்டுப் பாடலையும் கலந்து, அங்குள்ள இசைக் கல்லூரிகள் ஒரு 'தேசியப் பாணி'யை உருவாக்கின. அதில் நன்மையும் உண்டு. மூச்சு நிற்கும், குரல் கெடாது, பெரிய மண்டபத்தையும் நிறைக்கும். ஆனால் எந்த மாகாணத்துப் பாட்டும் ஒரே குரலில் கேட்கத் தொடங்கியது. 'ஆயிரம் பேர், ஒரே குரல்' என்று சீனர்களே குறைப்பட்டார்கள். 2006இல் அந்நாட்டு அரச தொலைக்காட்சி, இளம் பாடகர் போட்டியில் ஊர்க் குரலில் பாடுவோருக்கெனத் தனிப் பிரிவே வைத்தது.

'ஹுவார்' என்றொரு பாட்டு வகை இருக்கிறது. 'மலர்' என்று பொருள். கன்சு, சிங்ஹாய், நிங்சியா பகுதிகளில் ஹுய், சாலார், டொங்சியாங் முஸ்லிம்களும், ஹான், திபெத்தியர் போன்ற மற்றவர்களும் பாடுவது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் காதல் அதிகம் என்பதால் வீட்டிலும் பெரியவர்கள் முன்னிலையிலும் பாடமாட்டார்கள். மலைச் சரிவிலும் வயலிலும்தான் பாடுவார்கள். அதை நான்கு சுவருக்குள், பியானோவுக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பிப்பது எப்படி? மெட்டைத் தாளில் எழுதலாம். ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு எறியும் குரலையும் ஊர்ப்பேச்சையும் எந்தத் தாளில் எழுதுவது?

வழி இல்லாமலும் இல்லை. 1958இல் செடென் டோல்மா என்ற திபெத்திய இளம்பெண் ஷங்காய் இசைக் கல்லூரிக்குப் படிக்க வந்தார். சீன மொழி அவருக்குச் சரியாகத் தெரியாது. அவருக்குக் கற்பித்த வாங் பின்சு, எல்லோருக்கும் பொதுவான அச்சில் அந்தக் குரலை வார்க்கவில்லை. பயிற்சியைத்தான் அந்தக் குரலுக்கு ஏற்றபடி அமைத்தார். பிற்காலத்தில் சீனா முழுவதும் அறிந்த பாடகியானபோதும் செடென் டோல்மாவின் குரலில் திபெத் இருந்தது.

இதை வாசித்த மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டோம். "மகள், முதல் நாள் பாடினீங்களே, அப்படியே பாடுங்க."

பாடிப் பார்த்தாள். வரவில்லை. "மறந்துட்டன் டீச்சர்" என்றாள்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. படிப்பித்தோம் என்று நினைத்தோம், பறித்திருக்கிறோம்.

அல்ஹம்துலில்லாஹ், மூத்தம்மா இருக்கிறா. வருகிற சனிக்கிழமை பாடசாலைக்கு வரச் சொல்லியிருக்கிறோம். அன்றைக்கு அவதான் டீச்சர். நாங்கள் பிள்ளைகளோடு பாயில் இருந்து கேட்கப் போகிறோம், வாயை மூடிக்கொண்டு.

உங்கள் வீட்டிலும் கவி தெரிந்த பெரியவங்க இருந்தால் கூட்டிவாருங்கள். அவங்க இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.