கழிவுநீரிற் கயல் வளர்க்கும் நகர்

கொல்கத்தாவின் கிழக்கெல்லையைத் தாண்டியதும் மாடிவீடுகள் அருகி, கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பே விரிகின்றது. வங்காளிகள் ‘பேரி’ என வழங்கும் மீன்குளங்கள் இவை. அலை கரையை அரிக்காதிருக்க ஓரமெங்கும் ஆகாயத்தாமரையை வேலிபோல் விட்டிருக்கின்றனர். இக்குளங்களுக்கு வரும் நீர் மாநகரின் சாக்கடை நீரே என்றறிந்து நாம் திகைத்தோம்!

வித்தியாதரி ஆறு தூர்ந்து உவர்நீர் வரத்துக் குன்றியபின், 1930ஐ அண்டிய காலத்தில் இவ்வழக்கம் வேரூன்றிற்று. வாய்க்கால் வழி வரும் கழிவுநீரைச் சிறிது சிறிதாகவே உள்ளே விடுவர். மிகுந்தால் நீரிற் பிராணவாயு குறைந்து மீன் மடியும். ஆழமற்ற குளமாதலால் வெயில் நன்கு பாய்கின்றது. அவ்வெயிலிற் பாசி செழித்துப் பிராணவாயுவைத் தர, பற்றீரியாக்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. பெருகும் பாசியும் நுண்ணுயிர்களும் ரோகு, கட்லா முதலிய கெண்டையினங்களுக்கு இரையாகின்றன. வாய்க்காலருகே மூக்கைப் பொத்திய நாம், குளக்கரையிற் கையை எடுத்துவிட்டோம். மீன்குளத்தை விட்டு வெளியேறும் நீரும் வீணாவதில்லை; அயலிலுள்ள நெல்வயல்களுக்குப் பாய்கின்றது. நகர் கழித்த நீர் மீனும் நெல்லுமாகி மீள்கின்றது.

இதன் அருமையை உலகறியச் செய்ய துருபஜோதி கோஷ் என்னும் பொறியியலாளர் பல்லாண்டு உழைத்தார். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் கொண்ட இவ்வீரநிலம் 2002இல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. எனினும் குளங்களை மண்ணிட்டு நிரப்பிக் கட்டடம் எழுப்புவோர் ஓய்ந்தபாடில்லை.