வேட்டை முடிந்த பிறகு

சிராங்கூன் சாலையில் நடக்கும்போது நாம் ஒரு பறவையின் பெயரில் நடக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. மலாய் மொழியில் ‘புரோங் ரங்கோங்’ எனப்பட்ட ஒரு சதுப்புநிலப் பறவையிலிருந்து சிராங்கூன் என்ற பெயர் வந்தது என்று ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தவர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள். இன்று நகைக்கடைகளும் பூக்கடைகளும் வரிசைகட்டி நிற்கும் இந்தப் பகுதி, ஒரு காலத்தில் சேறும் நீரும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தது.

தேக்காவின் தெருப்பெயர்களைப் படித்தாலே அங்கு உழைத்த விலங்குகளின் பட்டியல் கிடைத்துவிடும். பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் எருமைகளின் நினைவு. பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. பிறகு புக்கிட் தீமா, அதன்பின் கிராஞ்சி என்று இடம் மாறிய அந்தப் பந்தயமும் 2024 அக்டோபரோடு முடிந்துபோனது. இனி அந்தக் குதிரைகள் எங்கே போகும் என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

வேலை முடிந்த விலங்கு எங்கே போகும்? இந்தக் கேள்வி நாய்க்கும் உண்டு. அதற்கு வேட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளான் என்ற சிறு பறவையை ஆங்கிலத்தில் ‘ஸ்னைப்’ என்பார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து நம் பக்கம் வலசை வரும். சேற்றின் நிறத்தில் புல்லோடு புல்லாகப் பதுங்கியிருந்து, காலடியில் திடீரென்று கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும். அதைச் சுடுவது அவ்வளவு கடினம் என்பதால், இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் 18ஆம் நூற்றாண்டிலேயே அந்த வேட்டையைப் பற்றிப் பெருமையாகக் கடிதம் எழுதினார்கள். ‘ஸ்னைப்பர்’ என்ற சொல் அங்கே பிறந்ததுதான். காலனித்துவக் காலத்தில் மலாயாவின் வயல்களிலும் சிங்கப்பூரின் சதுப்புகளிலும் வெள்ளைக்காரர்களுக்கு இது பிடித்தமான பொழுதுபோக்கு.

பறவை வேட்டைக்குத் துப்பாக்கி மட்டும் போதாது, நாயும் வேண்டும். நம் ஊர்க் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் கண்ணால் பார்த்து முயலை விரட்டிப் பிடிப்பவை. ஆங்கிலேயரின் பறவை நாய்கள் மூக்கை நம்பி வேலை செய்தவை. ஸ்பிரிங்கர் ஸ்பானியல் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பும். லாப்ரடார், சுடப்பட்டு விழுந்த பறவையை நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் சிதைக்காமல் கவ்வி வந்து எசமானரின் கையில் கொடுக்கும்.

இதில் பிணைப்பு எங்கே வருகிறது என்றால், இருவரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டே இருப்பதில் வருகிறது. நாய் வெகுதூரம் ஓடிப்போய்ப் பறவையைக் கிளப்பினால் குண்டு எட்டாது. எனவே எவ்வளவு ஆசை இருந்தாலும் அது எல்லைக்குள் நின்று, அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டும். வேட்டைக்காரரும் புல்லைப் பார்ப்பதைவிட நாயின் வாலைத்தான் அதிகம் பார்ப்பார். வால் ஆடும் வேகம் மாறினால் பறவை பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். வயதாகிக் காது மந்தமான நாய்க்கு விசில் கேட்காது. அப்போது கைச்சாடை போதும். புதருக்குள் ஓட முடியாத நாயைப் பக்கத்தில் உட்கார வைத்து, விழுந்த பறவையை எடுத்துவர மட்டும் அனுப்புவார்கள்.

சிங்கப்பூரில் 1965ஆம் ஆண்டு வனவிலங்கு, பறவைகள் சட்டம் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடை செய்தது. 2020ல் அது வனவிலங்குச் சட்டம் என்று பெயர் மாறி மேலும் கடுமையானது. இன்று சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்கு வலசை வரும் பறவைகளைக் குறிவைப்பவை தொலைநோக்கிகளும் கேமராக்களும்தான்.

பறவை வேட்டை போனது. ஆனால் பறவை நாய்கள் போகவில்லை. நாட்டின் சோதனைச்சாவடிகளில் மோப்ப நாய்களாக வேலை செய்பவற்றில் லாப்ரடார்களும் ஸ்பானியல்களும் உண்டு. பறவைக்குப் பதில் போதைப்பொருள், வெடிபொருள். மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் தேடல் நாய்கள் 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்க இடிபாடுகளுக்குள்ளும் சென்றன.

லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் ரயிலில் ஏறினால் நேராகப் புக்கிட் பாஞ்சாங். அங்கிருந்து எல்ஆர்டி பிடித்தால் சுவா சூ காங். அந்தப் பக்கம்தான் காவல்துறையின் கே-9 பிரிவு இருக்கிறது. 1950களிலிருந்து இயங்கிவரும் பிரிவு அது. நாமெல்லாம் நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஆனால் அங்கு பழகிய நாய்களை உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளிலோ சாங்கியிலோ பார்த்திருப்போம். நாய் பெட்டிகளை முகர்ந்துகொண்டு போகும். அதிகாரியின் கண் பெட்டியில் இருக்காது, நாயின்மீதே இருக்கும். சதுப்பில் வாலைப் பார்த்த அதே பார்வை. வாசனை பிடிபட்டதும் அமைதியாக உட்காரும்படி பழக்கப்பட்ட நாய்க்கு, கண்டுபிடித்ததற்குப் பரிசு பெரும்பாலும் ஒரு பந்துதான். தான் நாட்டைக் காப்பது அதற்குத் தெரியாது. தன் ஆளோடு விளையாடுவதாகவே நினைத்துக்கொள்ளும்.

எட்டு, ஒன்பது வயதில் இடுப்பும் முழங்காலும் தளரத் தொடங்கும். முகவாய் நரைக்கும். கண் மங்கினாலும் மூக்கு பெரும்பாலும் இன்னும் வேலை கேட்கும், கால்தான் ஒத்துழைக்காது. லாப்ரடாரின் ஆயுள் சுமார் 10 முதல் 12 ஆண்டு. அப்படியென்றால் ஓய்வுக்குப் பிறகு மிச்சம் இருப்பது இரண்டு, மூன்று ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளை எங்கே கழிப்பது என்பதில்தான் சிங்கப்பூருக்கே உரிய சிக்கல் இருந்தது. இங்கு முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் வசிப்பது வீவக வீடுகளில். அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒரு நாயை மட்டுமே அங்கு வளர்க்கலாம். லாப்ரடார் அந்தப் பட்டியலில் இல்லை. வருடக்கணக்கில் தோளோடு தோள் நின்ற அதிகாரி வீவக வீட்டில் வசித்தால், தன் துணையை வீட்டுக்கு அழைத்துப் போக வழியில்லை.

ஆதரவற்ற கலப்பின நாய்களுக்காக 2012ல் தொடங்கிய ‘அடோர்’ திட்டம், 2017ல் காவல்துறை, ஆயுதப் படை ஆகியவற்றின் ஓய்வுபெற்ற மோப்ப நாய்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதன்பிறகு வீவக வீட்டுக் கதவும் அவற்றுக்குத் திறந்தது. சட்டப்புத்தகத்தில் சின்னத் திருத்தம். கூண்டில் படுத்திருக்கும் ஒரு கிழட்டு நாய்க்கோ அது மிச்ச ஆயுள்.

நம் குடும்பங்களுக்கு இது எளிதான முடிவல்ல. பூசை அறை இருக்கும் வீட்டில் நாயா என்று பாட்டி கேட்பார். அண்டை வீட்டு மலாய்க் குடும்பத்துக்கு நாய் உரசுவது சங்கடமாக இருக்கலாம். அப்போது அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டும். மருத்துவச் செலவு உண்டு. வழுக்கும் தரையில் விரிப்புப் போட வேண்டும். குட்டியாக வளர்த்து மகிழ்ந்த நினைவுகள் எதுவும் இல்லாமல், முதுமையை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். சில ஆண்டுகளில் பிரிவு வரும் என்று தெரிந்தே பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகிறோம். இவற்றையெல்லாம் பேசி முடித்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு இது.

இந்தக் கடமை நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம் அதில் இருக்கிறது. அவன் பக்கத்தில் ஒரு நாய். கள்வர் இருவரைக் கடித்துவிட்டு அவனுக்குக் காவலாக நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயர் அழியவில்லை.

நாம் கல் நட வேண்டியதில்லை. அடுத்த முறை புளோக்கின் கீழே முகம் நரைத்த லாப்ரடார் ஒன்று தூணை நெடுநேரம் முகர்ந்துகொண்டு நின்றால், அது வேலைக்குப் போய் வந்த நாயாகவும் இருக்கலாம். அதற்கு இப்போது எந்த அவசரமும் இல்லை. முகர்ந்து முடிக்கட்டும் என்று ஒரு நிமிடம் வழிவிட்டு நிற்கலாம்.