வீட்டுக்குள் ஒரு சினிமாக் கொட்டகை

சினிமாக் கொட்டகையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட வேண்டும் என்னும் ஆசை நமது நாஞ்சில் நாட்டையும் விடவில்லை. ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் நாம் குடியிருக்கும் அறைகள் கொட்டகைகள் அல்லவே! சாமான் வாங்கப் புறப்படுகிறவர்கள் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

நாகர்கோவிலில் வசிக்கும் நம் அண்ணன் மகன் அண்மையில் இம்முயற்சியில் இறங்கினான். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். அவன் தாயார், அதாவது நம் மதினி, எண்பதை நெருங்கியவர்; சினிமாப் பிரியை. ஆனால் சில காலமாகப் படம் பாதியில் இருக்கும்போதே எழுந்து போய்விடுகிறார். காரணம் கேட்டால், "சத்தம் கேக்கு, பேச்சு கேக்கல்ல மக்களே" என்கிறார்.

"வாட் கூடினால் அம்மைக்குக் கேட்கும் அல்லவா, சித்தப்பா?" என்றான் பையன். கேட்காது என்றோம். சக்தியை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல்தான் உயரும். காது அதைச் சற்றே கூடுதல் என்றுதான் உணரும். 87 டெசிபெல் உணர்திறனுள்ள ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுப்பதும், 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுப்பதும் ஒன்றே. ஆகவே வாட்டை விசாரிக்குமுன் உணர்திறனை விசாரிக்க வேண்டும். ஓம் கணக்கையும் பார்க்க வேண்டும். 6 ஓமுக்குக் குறையக் கூடாதென்று ரிஸீவரில் எழுதியிருக்க, 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் மின்னோட்டம் மிகுந்து ரிஸீவர் கொதிக்கும். அட்டைப்பெட்டியில் அச்சடித்த ஆயிரம் வாட்டுகளைப் பற்றிப் பேசாதிருப்பதே மரியாதை.

மதினியின் குறை பேச்சைப் பற்றியது. 5.1 என்னும் ஏற்பாட்டில் பேச்சின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. அதை அலமாரியின் அடித்தட்டில் திணித்துவிட்டு, பேச்சு விளங்கவில்லை என்று வருந்துவோர் அநேகர். அது காதின் உயரத்துக்கு அருகில், காதை நோக்கி இருத்தல் வேண்டும். இடம், வலம், நடு ஆகிய மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாகவும் இருக்க வேண்டும். பாத்திரம் திரையின் ஒரு புறமிருந்து மறு புறம் நடக்கையில் சாரீரம் மாறிவிடக் கூடாதன்றோ? பணத்தில் பெரும் பங்கை இம்மூன்றில் போடச் சொன்னோம். பின்புற ஸ்பீக்கர்கள் தீபாவளி வரை காத்திருக்கலாம்.

நிற்க. சப்வூபர் விஷயத்துக்கு நம் ஊர்க் கொடை விழாவே பாடம். வில்லுப்பாட்டில் குடத்தின் ஒலியைத் தனியாக யாராவது கேட்கிறார்களா? அது வில்லோடும் உடுக்கையோடும் கலந்து பாட்டுக்குக் கனம் கொடுக்கிறது. சப்வூபரும் அப்படியே ஒலிக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட மந்தர ஒலியை மட்டும் அதற்கு அனுப்பும்படி ரிஸீவரில் அமைத்தால், சிறிய ஸ்பீக்கர்களின் பாரமும் குறையும். ஆனால் 12 அடி நீள அறையில் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் ஒலி இரு கோடிச் சுவர்களிலும் குமுறும். நடுவில் நாற்காலி போட்டவருக்கு அநேகமாகக் கேளாது. பரிகாரம் யாதெனில், சப்வூபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, ஒலி சீராகக் கேட்கும் இடத்தில் அதை நிறுத்துவதே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாம் தவழ்ந்ததைக் கண்டு மதினி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஒத்திகைக்கு அவர் கேட்டது 'நல்லதம்பி'. 1949-ல் வெளிவந்த படம். வில்லுப்பாட்டிலிருந்து சினிமாவுக்குப் போன நம் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் நடித்தது. அக்காலத்து ஒலிப்பதிவு ஒற்றைத் தடம். இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலியை நடு ஸ்பீக்கருக்கே அனுப்பும் ஏற்பாடு ரிஸீவரில் உண்டு, அதைத் திருப்பிவிட்டோம். மதினி எழுந்து போகவில்லை. கலைவாணரின் ஹாஸ்யத்துக்கு நமக்கு முன்பாகவே சிரித்தார்.

பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒற்றைச் சுவர். மந்தர ஒலிக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல. ராத்திரி 9 மணியானால் சப்வூபரின் சுவிட்சை மதினியே அணைத்துவிடுகிறார். பேச்சுக்கு அது வேண்டியதில்லையாம்.